ஐந்து நிமிடம் உட்காராதவள்

நம்ம மருமகளைப் போன வாரம் ஆஸ்பத்திரிப் பை அடுக்கும்போது விட்டுவிட்டு வந்தோம். மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனாருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. நாளை வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அதற்காகவே மகள் வெளிநாட்டிலிருந்து ஆறு வார லீவில் வந்து இறங்கியிருக்கிறாள். மகன், அதாவது மருமகளின் புருஷன், கப்பலில் இருக்கிறான். வருஷக் கடைசியில்தான் கரை.

மருமகளின் கைப்பையில், குடை வைக்கிற ஜிப்புக்குள், யாருக்கும் காட்டாத ஒரு கடிதம் இருக்கிறது. வேறு ஊரில் ஆறு மாதப் பயிற்சி, வருகிற திங்கட்கிழமை வந்து சேரவும் என்கிற கடிதம். வியாழன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், மிச்சமிருக்கும் ஐந்து வாரமும் நாத்தனார் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள், நாம் கிளம்பிவிடலாம் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு. கேட்க மனசு வராத கணக்கு. சரி, கதைக்கு வருவோம்.

புதன்கிழமை காலை. பல் கிளினிக்.

இந்தக் கிளினிக்கில் மருமகளுக்குப் பல் பிடுங்குகிற வேலை இல்லை. எச்சில் பார்க்கிற வேலை. "எங்க அண்ணி எச்சில் ஆபீசர்" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. ஈறு உள்ளுக்குள் புண்ணாகி அரித்துக்கொண்டிருந்தால் ஒரு நொதி எச்சிலில் கலந்து வரும். வெளியே ஈறு பார்க்க ரோஜாப்பூ மாதிரி இருக்கலாம், நொதி காட்டிக்கொடுத்துவிடும். முன்பெல்லாம் லேபுக்கு அனுப்பி மூன்று நாள் காத்திருப்பார்கள். இப்போது நோயாளி அரை நிமிடம் தண்ணீர் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்பினால், அதில் மூன்று சொட்டு எடுத்து உள்ளங்கை நீளப் பட்டையில் விட வேண்டும், ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். ஒரு கோடு வந்தால் சுத்தம். இரண்டு கோடு வந்தால் உள்ளே புகைகிறது.

வேலையில் கஷ்டமானது அந்த ஐந்து நிமிடம்தான். இரண்டாவது கோடு சில பேருக்கு உடனே வரும். சில பேருக்கு நாலாவது நிமிடத்தில் தயங்கித் தயங்கி வரும். பத்து நிமிடம் தாண்டி வந்தால் அதை நம்பக் கூடாது, காய்ந்து போன பட்டை என்ன வேண்டுமானாலும் காட்டும்.

பார்த்து முடித்த பட்டைகளை மருமகள் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தந்த ஃபைலோடு கிளிப் செய்வாள். புதன்கிழமை தோறும் எல்லாவற்றையும் மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் தொட்டியில் கொட்டுவாள். அப்படிக் கொட்டும்போதுதான் வெள்ளிக்கிழமைப் பட்டை கையில் வந்தது. மாமனாருடைய பட்டை.

இரண்டு கோடு.

முதல் கோடு அழுத்தமாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, வெளுத்த ரோஸ் நிறத்தில்.

"என்ன அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறே?" பின்னாலிருந்து டாக்டரம்மா கேட்டார். கையுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எப்போ போட்டது?"

"வெள்ளிக்கிழமை, டாக்டர்."

"அஞ்சு நாள் ஆச்சு. இப்போ கோடு வந்தா என்ன, கோலம் வந்தா என்ன? அஞ்சு நிமிஷத்துல நீ பார்க்கும்போது ஒண்ணுதானே இருந்துச்சு?"

மருமகள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

"அப்புறம் என்ன? தூக்கிப் போடு. இன்னைக்கு மாமனாரைச் சேர்க்கிற நாள்தானே? மத்தியானத்தோட கிளம்பு. நான் பார்த்துக்கறேன்." டாக்டரம்மா உள்ளே போனார்.

ஐந்து நிமிடத்தில் பார்க்கும்போது ஒரு கோடு. பார்த்திருந்தால் அல்லவா?

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். இதய ஆஸ்பத்திரியில், பல், ஈறு எல்லாம் சுத்தம் என்று சான்றிதழ் கேட்டிருந்தார்கள். வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை. ஒரு மாதம் முன்பே டாக்டரம்மா மாமனாரின் ஈறுக்கு வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். கடைசியாக எச்சில் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கொப்பளித்துத் துப்பினார். மருமகள் சொட்டு விட்டாள், டைமரைத் திருகினாள். இரண்டு நிமிடத்தில் ஒற்றைக் கோடு பளிச்சென்று நின்றது. அப்போது பக்கத்து அறையில் வேறொருவரின் வாய்க்குள் கை வைத்திருந்த டாக்டரம்மா குரல் கொடுத்தார். "எத்தனை கோடு?"

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு டாக்டர்" என்று சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத்தான் சொல்கிறாள். ஆனால் அன்று டைமரை அவளே அணைத்தாள்.

"ஒண்ணு டாக்டர்."

அந்த ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்கு வேண்டியிருந்தது. வேண்டியது கண்ணில் பட்டதும் எழுந்துவிட்டாள். அவ்வளவுதான். டாக்டரம்மா ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டு வந்து, அவள் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பட்டையை மஞ்சள் தொட்டியில் போட்டாள். டாக்டரே போடச் சொல்லிவிட்டார். கேட்க ஆளில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு புதுப் பட்டையும் கிண்ணமும் சொட்டுக் குழாயும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். கடிதம் இருக்கிற ஜிப்பில் இடம் இருந்தும் அங்கே வைக்கவில்லை.

*

வீட்டில் வாலு கட்டளை அதிகாரியாக நின்றுகொண்டிருந்தாள். வாலு என்பது நாத்தனாருக்குச் சின்ன வயதில் வைத்த பெயர். இப்போது அவளுக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், இருந்தாலும் வீட்டுக்கு அவள் வாலுதான்.

"அண்ணி, வந்துட்டீங்களா? சட்டை நாலு, துண்டு ரெண்டு, மாத்திரை டப்பா, ரிப்போர்ட் ஃபைல், எல்லாம் வெச்சாச்சு. செருப்புதான் இல்லை. இவர் செருப்பைப் பாருங்க, மியூசியத்துல வைக்கலாம். நான் ஓடிப்போய் ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துடறேன். அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும், நாலரைக்குக் கார் வரும்."

"சாப்பிட்டாரா?"

"எங்க? ரொட்டியைப் பால்ல ஊறவெச்சு ஊறவெச்சுக் குழந்தை மாதிரி முழுங்கறார். பயம்தான், வேற என்ன. அப்பா, பயமா இருக்கா?"

"உன்னைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு" என்றார் சாய்வு நாற்காலியிலிருந்து மாமனார்.

வாலு சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மாமனார் ரயிலில் கார்டாக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் கொடி காட்டி, வண்டி நின்ற நேரம், கிளம்பின நேரம் எல்லாம் எழுதிவைத்தே பழகியவர். ஓய்வு பெற்றும் கைக்கடிகாரத்தைக் குளிக்கும்போதுதான் கழற்றுவார்.

மருமகள் அவர் எதிரில் போய் நின்றாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. வாயைத் திறந்ததும் அது காணாமல் போய்விட்டது.

"மாமா, இன்னொரு தடவை கொப்பளிச்சுத் தரணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை குடுத்தது பத்தலையா?"

"நீங்க குடுத்தது போதும் மாமா. நான் பார்த்ததுதான் பத்தலை."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. வாஷ்பேசின் முன்னால் நின்று கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார்.

"இந்தத் தடவை டைம் நான் பார்க்கறேன்" என்றார்.

முதலில் வெறும் தண்ணீரில் வாயைக் கழுவித் துப்பினார். ஒரு நிமிடம் விட்டு அரை நிமிடம் கொப்பளித்தார். கிண்ணத்தில் துப்பினார். மருமகள் எடுத்து மூன்று சொட்டு விட்டாள்.

"ரெண்டு மணி இருபத்தொண்ணு" என்றார் கார்டு.

முதல் கோடு வந்தது. ஒற்றையாக, அழகாக, வெள்ளிக்கிழமை வந்த மாதிரியே.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு" என்றார் அவர். "அன்னைக்கு நீ எழுந்தது இந்த இடத்துலதான்."

மருமகள் நிமிர்ந்தாள். "தெரியுமா மாமா?"

"என்கிட்ட போய் கேக்கறியேம்மா."

"அப்போ ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உக்காந்திருப்பேனே!"

அவர் பட்டையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் பாதி வட்டம் போனது.

"இடது பக்கம் கீழ, கடைசிப் பல்லு" என்றார். "பத்து நாளா வலி. சொன்னா தள்ளிப் போட்டுடுவாங்க. வாலு யார் யாரையோ கெஞ்சி லீவு வாங்கிட்டு வந்திருக்கு. எச்சில் காட்டிக்குடுத்துடும்னு பயந்துக்கிட்டேதான் அங்க உக்காந்திருந்தேன். நீயா சீக்கிரம் எழுந்துட்டே. அப்பாடான்னு இருந்துச்சு."

ரொட்டியைப் பாலில் ஊறவைத்தது பயத்தால் இல்லை. மருமகள் ஒரே வீட்டில் இருக்கிறாள். பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். பத்து நாளாக அவர் ஒரு பக்கமாகச் சாப்பிடுவதைக் கவனிக்கவில்லை. ஊரான் எச்சிலில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு மாமனார் தட்டில் என்ன மீதி இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

மூன்றாவது நிமிடம் தாண்டியதும் ரோஸ் நிறத்தில் ஏதோ தெரிந்தது. நாலாவது நிமிடத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஐந்தாவது நிமிடத்தில் முதல் கோட்டுக்குக் கொஞ்சமும் குறையாமல் நின்றது.

"ரெண்டு இருபத்தாறு" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருட்டு முழி முழிக்கிறோம் ரெண்டு பேரும்" என்றார் மாமனார்.

மருமகளால் சிரிக்க முடியவில்லை.

"பேசாம அதைத் தூக்கிப் போட்டுடும்மா. நாலரைக்குக் கார் வரும், நான் போய்ப் படுத்துக்கறேன். உன்னை யாரும் கேக்கப் போறதில்லை. நானும் சொல்லப் போறதில்லை."

"மாமா, அந்தக் கிருமி போய் புது வால்வுல உக்காந்துச்சுன்னா?"

"உக்காராமலும் போகலாமில்ல?"

"போகலாம். ஆனா நாளைக்குக் காலையில ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அதையே வேண்டிக்கிட்டு நான் எப்படி உக்காந்திருப்பேன்? உங்களுக்கு ஒண்ணுன்னா அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் யாரை நிமிர்ந்து பார்ப்பேன்?"

அவர் கடிகாரத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். கொக்கி மாட்ட வராமல் இரண்டு முறை நழுவியது. மருமகள் மாட்டிவிட்டாள்.

*

"என்ன, வாஷ்பேசின் முன்னாடி மாநாடு?"

வாலு புதுச் செருப்புப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சிரித்த முகம் மருமகளின் கையிலிருந்த பட்டையைப் பார்த்ததும் சுருங்கியது.

"வாலு, நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"என்ன அண்ணி உளறறீங்க?"

"ரிப்போர்ட் தப்பு. நான் தப்பாப் பார்த்துட்டேன்."

சொல்லிவிட்டு, அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அப்புறம் பேசலாம் என்று உட்கார்ந்தால் தைரியம் ஓடிப்போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், எங்க மாமா ரிப்போர்ட் தப்பு டாக்டர். இப்போ மறுபடி போட்டுப் பார்த்தேன். ரெண்டு கோடு."

"காலையிலதானே சொன்னேன், பழைய பட்டையில..."

"புதுப் பட்டை டாக்டர். கேக்காம எடுத்துட்டு வந்தேன். அஞ்சு நிமிஷம் முழுசா உக்காந்து பார்த்தோம். வெள்ளிக்கிழமை நான் அஞ்சு நிமிஷம் உக்காரலை. ரெண்டு நிமிஷத்துல ஒண்ணுன்னு சொல்லிட்டேன். காலையில நீங்க கேட்டப்பவும் தலையை ஆட்டிட்டேன். அவருக்கு இடது கீழ் கடைசிப் பல்லு வலியும் இருக்கு."

அந்தப் பக்கம் பல் ராவுகிற மிஷின் சத்தம் நின்றது.

"உன் வார்த்தையில நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"தெரியும் டாக்டர்."

"சர்ஜன்கிட்ட நான் பேசறேன். பேசிட்டுக் கூப்பிடறேன், அப்புறம் அவரைக் கூட்டிட்டு வா." பிறகு, "இங்க வந்ததும் நீ வெளியில உக்காரு. பட்டையை இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இருபது நிமிடம் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பல்வலியை ஏன் மறைத்தார் என்று மாமனார் அங்கேதான் மகளிடம் சொன்னார். வாலு செருப்புப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். போன் அடித்ததும் அவளே பாய்ந்து எடுத்தாள். "ம்... ம்... சரிங்க டாக்டர்" என்றுதான் மற்ற இருவருக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள். "பல்லை எடுக்க வேண்டி வருமாம். ஈறு ஆறணுமாம். நாலு வாரம் தள்ளித்தான் ஆபரேஷன் தேதியாம்." விரல்விட்டு எண்ணினாள். "அப்போ ஆபரேஷன் முடிஞ்சு ஏழாவது நாள் நான் ஃப்ளைட்ல இருப்பேன். இவரைப் பிடிச்சு நடக்கவைக்கக்கூட நான் இருக்க மாட்டேன்."

"வாலு..." என்றார் மாமனார்.

"பேசாதீங்க! பல்வலியை மறைக்கிறதுக்கு நீங்க என்ன எல்கேஜியா படிக்கிறீங்க? எனக்காக மறைச்சாராம்! நான் யாருக்காக வந்தேன்? உங்க வாய் வலிக்குதுன்னு என்கிட்ட சொல்ல முடியலைன்னா நான் எதுக்கு இந்த வீட்டுல ஒரு பொண்ணு?" கத்திக்கொண்டே போனவள் பாதியில் உடைந்து அழுதாள். அவர் காலடியில் உட்கார்ந்து அந்தப் புதுச் செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டினாள். "வாங்க, பல்லையாவது பிடுங்கிட்டு வருவோம்."

அப்பாவை மன்னிக்க அவளுக்கு அவ்வளவு நேரம்தான் ஆனது.

பிறகு அவள் தலையைத் திருப்பினாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது, குரலில் ஈரம் இல்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யார் யாரோ எச்சிலுக்கெல்லாம் அஞ்சு நிமிஷம் உக்காருவீங்க. எங்கப்பா எச்சிலுக்கு ஏன் உக்காரலை?"

மருமகளிடம் பதில்கள் இருந்தன. டாக்டர் அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம். போன் வந்தது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் வாலு நம்பிவிடுவாள், அவளுக்கு அண்ணி மேல் அவ்வளவு நம்பிக்கை.

"அன்னைக்குக் கிளினிக்குல ஒரே கூட்டம்மா" என்றார் மாமனார் குறுக்கே புகுந்து. "நிக்க இடமில்லை. இவ ஒருத்திதான் எல்லாத்தையும்..."

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் கிளினிக்கில் நோயாளிகள் மொத்தம் இரண்டே பேர். வண்டி ஒரு நிமிடம் தாமதமானால்கூட மறைக்காமல் எழுதிய மனுஷர், தனக்காகப் பொய் சொல்கிறார். மருமகளால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கூட்டம் இல்லை மாமா" என்றாள்.

கைப்பையை எடுத்தாள். குடையை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். ஜிப்பைத் திறந்து, நான்காக மடித்திருந்த கடிதத்தை வாலுவிடம் நீட்டினாள்.

"இதுக்காகத்தான் வாலு."

வாலு பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒரே பக்கக் கடிதம்தான், படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. மாமனாரின் கண் பழக்கதோஷத்தில் கடிகாரத்துக்குப் போயிற்று.

மருமகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாலுவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.